இடதுபக்கப் பெட்டியில் ஒரு கறை

கால கொஞ்சம் அந்தப் பக்கமா ஒதுக்கி வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. செருப்பு பட்டா கோடு விழுந்துரும், பாலிஷ் போடாத மரம். மேல வைங்கன்னு கண்டக்டர் சொல்லுதாரு, எப்படி வைக்க? ஒரு வேகத்தடையில தூக்கிப் போட்டாம்னா முடிஞ்சுது. மடியில இருந்தாத்தான் எனக்கு நிம்மதி.

என்ன, கையப் பாக்கியளா? எதுக்கு இதுல வச்சுத் தேச்சுக்கிட்டே இருக்கேன்னுதானே? எல்லாரும் அதத்தான் பாக்காவ. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஒருத்தர் கோட்டியா, கிறுக்கான்னே கேட்டுட்டாரு. கோட்டி இல்ல. தேங்கா எண்ண. உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு, இந்தா, இந்த ஓரத்துல, இப்படித் தேய்க்கணும். இன்னையோட நாப்பத்திமூணு நாளு. ஒரு கறை உண்டாக்கணும் அண்ணாச்சி. கையளவு கறை. அது வந்துட்டா எம் பொஞ்சாதி வீட்டுக்கு வந்துருவா.

சிரிக்காதிய. நாளைக்குச் சாயங்காலம் அவளுக்கு ரயிலு. தென்காசியில அவ அண்ணன் வீட்டுல இருக்கா. அங்கருந்து மெட்ராசுக்கு, மக வீட்டுக்கு. மகளே எங்கிட்ட சொல்லிட்டா, ‘அம்மா இனி எங்கூடத்தான்ப்பா இருப்பாங்க, நீங்க தொந்தரவு பண்ணாதீங்க’ன்னு. தொந்தரவாம். இருவத்தேழு வருஷம் ஒரே வீட்டுல இருந்தவன் நான். அவ ரயிலு ஏறிட்டா அம்புட்டுதான், எனக்குத் தெரியும். அதான் இன்னைக்கே போயி கையில கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துரணும்.

இது என்ன பொட்டின்னு கேக்கலையே நீங்க. ஸ்பீக்கர் பொட்டி. பழைய காலத்து ஸ்பீக்கரு, வெளிநாட்டுச் சாமான், கப்பல்ல வந்தது. அவங்கப்பா சர்ச்சுல பாட்டு வாத்தியாரா இருந்தாவ. அவுக ஆசப்பட்டு வாங்குனது. கல்யாணத்துல எப்சிக்குச் சீதனமா வந்துச்சு, சோடியா. எப்சின்னா அவதான், எப்சிபா. இது எடதுபக்கத்துப் பொட்டி. வலதுபக்கத்துப் பொட்டி வீட்டுல இருக்கு.

நான் ஸ்கூல்ல லேப் அசிஸ்டெண்டா இருந்து ரிட்டையர் ஆனவன். பாளையங்கோட்டையில. சும்மா இருக்க முடியாதுல்லா? ஃபோன்ல வீடியோ பாத்து இந்த வேலையப் படிச்சேன். பழைய ஸ்பீக்கர் பொட்டியச் சொரண்டி, தேச்சு, பாலிஷ் போட்டுப் புதுசாக்குறது. ஒரு டாக்டர் வீட்டுச் சோடி பண்ணிக் குடுத்தேன், மூஞ்சி பாக்கலாம் அதுல. பொறவு ஒரு லாட்ஜ்காரர், பொறவு மதுரையிலருந்து ஒருத்தர். எங்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப்பு இருக்கு. அதுல போட்டோ போட்டா ‘அண்ணன் கை ராசிக் கை’ம்பானுவ. சும்மா சொல்லல, மரத்த வெரலால ஒரு தட்டுத் தட்டுனாப் போதும், உள்ள பொள்ளலா, கெட்டியா, பசை விட்டிருக்கான்னு சத்தத்த வச்சே சொல்லிருவேன். அம்புட்டு நுணுக்கமான காது எனக்கு.

ஊரான் பொட்டியெல்லாம் பளபளன்னு போகுது, எம் வீட்டுப் பொட்டி மட்டும் அழுக்கு மூட்டை மாதிரி கெடக்கு. நல்லா இருக்கா அது? அதுலயும் இந்த எடதுபக்கப் பொட்டி மேல, இந்த முன்னோரத்துல, கருப்பா ஒரு கறை. பாலிஷ் எல்லாம் தேஞ்சு, எண்ண எறங்கி, அட்டக் கருப்பு. துடைச்சாலும் போகாது. பாக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். எப்சிகிட்ட சொன்னேன், இதையும் தேச்சு விடுதேன்னு. ‘அத மட்டும் தொடாதிய’ன்னா. என்ன ஏதுன்னு சொல்லல. அத மட்டும் தொடாதியன்னா, அவ்வளவுதான்.

அவ அப்படித்தான் அண்ணாச்சி. பேச்சே கெடையாது. முன்னால எல்லாம் நல்லா வாயாடுவா. ஒரு ஏழெட்டு வருஷமா அப்படியே மாறிட்டா. சர்ச்சுல பாட்டுக்குழுவுல முதல் வரிசையில நிக்கிறவ, திடீர்னு ஒரு ஞாயித்துக்கெழம இனிமே வரலன்னுட்டா. சர்ச்சுப் பாதிரி ஐயரு வந்து கேட்டாரு, பாட்டுக்குழுவ நடத்துற அம்மா வந்து கேட்டாவ, ம்ஹூம். யார் கூடயோ சண்ட, வீம்பு. நான் கேட்டுக்கிடல. பொம்பளைங்க சண்டையில நமக்கென்ன?

வீட்டுலயும் அப்படித்தான். பின்னால நின்னு கூப்ட்டா திரும்பவே மாட்டா. ‘ஏளா எப்சி, ஏளா எப்சி’ன்னு மூணு தடவ கூப்பிடணும். தோளத் தொட்டாத்தான் திரும்புவா, அதுவும் தூக்கிவாரிப் போட்ட மாதிரி. குக்கரு அஞ்சு விசிலு, ஆறு விசிலு போவும், இவ பக்கத்துலயே நின்னு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பா. நான் பொட்டி தேய்க்கிற பட்டறையிலருந்து ஓடி வந்து அடுப்ப அணைக்கணும். என்ன சொன்னாலும் ‘ம்’. எதுக்கு ‘ம்’, எதுக்கு ‘ம்ஹூம்’னே கெடையாது. நான் பேசுனா மூஞ்சியவே மொறைச்சுப் பாப்பா. கண்ணு கொட்டாம. எனக்குக் கோவம் வந்துரும். என்னத்த அப்படி மொறைக்கன்னு திரும்பி நின்னு பேசுவேன். திரும்பி நின்னா பதிலே வராது.

ஆனா பாட்டு மட்டும் வேணும். சாயங்காலம் அஞ்சு மணி ஆச்சுன்னா முகம் கழுவிட்டு வந்து கேசட்டப் போட்டுருவா. அவங்கப்பா சர்ச்சுல பாடிப் பதிஞ்ச கேசட்டு, நாலஞ்சு இருக்கு. போடுற சத்தம் இருக்கே, தெருவே அதிரும். மாடி வீட்டுக்காரர் எறங்கி வந்து எங்கிட்ட சண்டைக்கி நிக்காரு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க இருக்குன்னு. குறைடின்னா குறைக்க மாட்டா. இந்தப் பொட்டிக்குப் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து, கைய இப்படிப் பொட்டி மேல வச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு இருப்பா. அவங்கப்பாவும் அப்படித்தான் கை வச்சுக்கிட்டு கேப்பாவளாம். அப்பா நெனப்பு. அப்பாவோட கைக்கறைன்னுதான் தொடாதியன்னுருக்கா, இது எனக்குப் பின்னால புரிஞ்சுது.

பின்னால புரிஞ்சு என்ன செய்ய? ஐப்பசியில அவ ஒரு கல்யாணத்துக்கு நாசரேத்து போனா, மூணு நாளு. வந்து பாக்கும்போது அசந்துரணும்னு நெனச்சேன். நல்ல எண்ணத்துலதான் அண்ணாச்சி, கர்த்தர் சாட்சியா நல்ல எண்ணத்துலதான். ரெண்டு பொட்டியிலயும் உள்ள இருக்குற ஸ்பீக்கர எல்லாம் கழட்டித் தனியா வச்சுட்டு, தின்னர் போட்டேன், போகல. உப்புத்தாள் போட்டேன், போகல. கறை மரத்துக்குள்ளயே எறங்கிட்டு. அப்பத்தான் புத்தி கெட்டுப் போயி தேய்க்கிற மிஷின எடுத்தேன். எண்பதாம் நம்பர் முரட்டுத் தாளப் போட்டு ஒரே அமுக்கு.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இந்தப் பொட்டி எல்லாம் முழுத் தேக்கு கெடையாது. மேல அப்பளம் மாதிரி மெல்லிசா தேக்கு ஏடு ஒட்டியிருக்கும். உள்ள மரத்தூளப் பசையில கொழச்சு அமுக்குன பலகை. குரூப்புல ஊருக்கெல்லாம் நான்தான் சொல்லுவேன், ஏட்டுல மிஷின் வைக்காதீங்கடேன்னு. நானே வச்சேன். தேக்கு போயி, உள்ள இருந்த பலகை பல்ல இளிக்கி. கையளவு ஓட்டை.

எப்சி வந்தா. பையக் கூட எறக்கி வைக்கல. நேரா வந்து கைய அந்த எடத்துல வச்சா. எடுத்தா. திரும்ப வச்சா. ஒரு சத்தம் போட்டிருந்தா, நாலு வார்த்த ஏசியிருந்தா எனக்கு நிம்மதி. ‘எப்ப பாடும்?’னு மட்டும் கேட்டா. பாலிஷ் முடியட்டும்னேன்.

எங்க முடிய? சவத்து மழை, இந்தத் தடவ விடவே இல்ல. மேப்பலகைக்குப் புது ஏடு வாங்கி ஒட்டுனேன். ஒட்டுனது மழை ஈரத்துல கொப்புளிச்சுது. உரிச்சுட்டுத் திரும்ப ஒட்டுனேன். பாலிஷ் போட்டா வெள்ளையாப் பூத்துப் போகுது. மழைக்காலத்துல பாலிஷ் போட்டா அப்படித்தான், காத்துல இருக்குற ஈரத்தக் குடிச்சுட்டு மரம் சாம்பல் பூசுன மாதிரி ஆயிரும். சொரண்டித் திரும்பப் போடணும். நாலு மாசம். தெனமும் அஞ்சு மணிக்கு வந்து பட்டறை வாசல்ல நிப்பா. ‘பாடுமா?’ம்பா. ‘நாளைக்கி’ம்பேன். நாளைக்கி வந்து நிப்பா. கழட்டி வச்ச ஸ்பீக்கரயாவது மாட்டிக் குடுங்கன்னா. பாலிஷ் காயாம அத மாட்டுனா தூசி ஒட்டாதா? ‘வீடு சத்தமே இல்லாம கெடக்கு’ன்னு ஒரு நாள் அழுதா. எனக்கு எரிச்சலு. காலையிலருந்து ராத்திரி வரைக்கும் மிஷின் ஓடுது, தெருவே காதப் பொத்துது, இவளுக்குச் சத்தம் இல்லையாம்!

அதுக்கெடையில ஒரு நாள் வந்து, ‘வியாழக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போகணும், டாக்டர் நேரம் குடுத்திருக்காரு, கூட வாரியளா’ன்னா. சரின்னேன். அந்த வியாழக்கெழம பாத்து அண்ணாச்சி, பதினெட்டு நாளைக்குப் பொறவு சுள்ளுனு வெயிலு. நீங்களே சொல்லுங்க, அந்த வெயில விட்டா பாலிஷ் எப்ப போட? ‘நீ முன்னால போ, ரெண்டு கோட்டு அடிச்சுட்டு வாரேன்’னேன். ஒரு கோட்டு காயறதுக்குள்ள அடுத்தது அடிக்கணும், நடுவுல விட்டுட்டு வர முடியாது. போகல. சாயங்காலம் தனியா ஆட்டோல வந்து எறங்குனா. கையில ஏதோ சீட்டு. எனக்கு வேற நெனப்பு, மூட்டு வலிக்கா இருக்கும்னு விட்டுட்டேன். அவளும் சொல்லல. அந்தச் சீட்ட மடிச்சு பைபிளுக்குள்ள வச்சா. அதப் பாத்தேன்.

மறுவாரம் துணிமணியக் கட்டிட்டா. ‘அந்தப் பொட்டிய வச்சுக்கிட்டு நல்லா இருங்க’ன்னுட்டுப் போயிட்டா.

பொறவுதான் யோசிச்சேன். போனது கறைதானே, கறையத் திரும்பக் கொண்டாந்துட்டா? போட்ட பாலிஷ எல்லாம் சொரண்டிட்டுச் சாயம் பூசிப் பாத்தேன், பொய்யாத் தெரியுது. கையால வந்த கறை கையாலதான் வரணும். அதான் இந்தத் தேய்ப்பு. பாருங்க, இந்த வெளிச்சத்துல சாச்சுப் பாருங்க, லேசா மங்குது பாருங்க. வரும். வந்துரும்லா அண்ணாச்சி?

காலையிலருந்து அவளுக்கு பதினோரு தடவ ஃபோன் போட்டுட்டேன். எடுக்கல. எப்பவும் எடுக்க மாட்டா, மெசேஜ் மட்டும் அனுப்புவா. கடைசியில அவ அண்ணன், எம் மச்சான்தான் எடுத்தாரு. ‘அவ எதுக்கு வந்திருக்கான்னு இன்னும் உமக்குத் தெரியலையாவே’ன்னாரு. கறைதானே மச்சான், சரி பண்ணிட்டேன்னேன். வச்சுட்டாரு.

என்ன? என்ன கேட்டிய?

அவளுக்குக் காது கேக்குமாவா?

நல்லாக் கேட்டிய போங்க. காதுக்கென்ன அவளுக்கு? தெனமும் பாட்டு கேக்கான்னு இப்பத்தானே சொன்னேன். காது கேக்காதவ பாட்டுப் போடுவாளா?

உங்க அம்மாவா? உங்க அம்மாவுக்கா? கடைசிக் காலத்துல ரேடியோ மேல கைய வச்சுக்கிட்டு... கையில அதிரும்னா? கையில கேப்பாவளா?

இருங்க. இருங்க அண்ணாச்சி. பேசாதிய கொஞ்சம்.

குக்கரு... குக்கர விடுங்க, அது யாருக்கும் மறதி வரும். பாட்டுக்குழு சண்டை. அது யார் கூட சண்டைன்னு நான் கேக்கவே இல்லையே. தோளத் தொட்டாத்தான்... ‘ஏளா, ஏளா’ன்னு நான் கத்துனது... மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னது...

மொறைக்கலையா அவ? வாயப் பாத்தாளா? எம் வாயப் பாத்துக்கிட்டு நின்னவளுக்கு முதுகக் காட்டிக்கிட்டாய்யா நான் பேசினேன்?

அப்ப இந்தக் கறை. இது அவங்கப்பா கை இல்ல. அவுக செத்து பதினஞ்சு வருஷமாச்சு, கறை கருத்தது இந்த ஏழெட்டு வருஷத்துலதானே. இது அவ கை. எட்டு வருஷமா தெனமும் அஞ்சு மணிக்கு அவ கை. காதுல வராதத உள்ளங்கையில கேட்டுக்கிட்டு இருந்திருக்கா, எம் பக்கத்துலயே உக்காந்து, நான் அழுக்குன்னு மிஷின் வச்சு... ஐயோ. வியாழக்கெழம. அந்த டாக்டரு. நான் ரெண்டு கோட்டு அடிச்சுட்டு வாரேன்னேனே. அண்ணாச்சி, ஒரு நாள் கூடவா, ஒரு தடவ கூடவா எனக்குத் தெரியல? மரத்தத் தட்டுனா சொல்லுவேன்னு பெருமையடிச்ச நாயி நான்.

ஒண்ணுமில்ல. தண்ணி வேண்டாம். அழல. அழுதா என்ன இப்ப, பஸ்ல நாலு பேரு பாத்தா பாத்துட்டுப் போறாவ.

இந்தா, தூக்கிப் பாருங்க. எம்புட்டு லேசா இருக்கு பாருங்க. வெறும் பொட்டி. உள்ள ஒண்ணுமே இல்ல. ஸ்பீக்கரு வீட்டுல பரண்ல கெடக்கு, கழட்டுன அன்னைக்கே போட்டது. பொட்டிய மட்டும் தூக்கிக்கிட்டுப் போறேன், எண்ணயத் தேச்சுக்கிட்டு. இதுல அவ கை வச்சா என்ன வரும்? மரந்தான் வரும்.

திரும்பிப் போயி எடுத்துட்டு வரவா? நேரம் இருக்கா? இல்ல, வேண்டாம், மொதல்ல அவளப் பாக்கணும். பாத்து என்ன சொல்ல? ராத்திரி எல்லாம் முழிச்சு ஒரு அரைமணி நேரப் பேச்சு மனசுக்குள்ள கட்டி வச்சிருந்தேன். நான் எதுக்காகத் தேச்சேன், என் எண்ணம் என்ன, மழை எப்படிப் பெஞ்சுது, எல்லாம். அம்புட்டையும் அவ எப்படிக் கேப்பா? ரெண்டே வார்த்தை. ரெண்டு வார்த்தைதான் சொல்லணும், நேரா நின்னு, மெதுவா.

அண்ணாச்சி, ஒரு உதவி செய்யிதியளா? எம் மூஞ்சியப் பாருங்க. நான் சத்தமே இல்லாம சொல்லுதேன். என்ன சொல்லுதேன்னு சொல்லுங்க. உங்க அம்மா கூட இருந்து உங்களுக்குப் பழக்கம் இருக்கும்லா.

ம். சொல்லிட்டேன். என்ன சொன்னேன்?

தெரியலையா? இன்னும் மெதுவா சொல்லுதேன், பாருங்க.

‘சோறு போடு’வா? இல்ல அண்ணாச்சி. ‘வீட்டுக்கு வா’ன்னேன். வீட்டுக்கு வா. அது எப்படி உங்களுக்குச் சோறு போடுன்னு... இல்ல, தப்பு உங்க மேல இல்ல. இன்னொரு தடவ பாருங்க. வெளிச்சத்துக்குத் திரும்பிக்கிடுதேன்.

இப்பவும் தெரியலையா? ஏன்?

மீசையா? மீசை ஒதட்ட மூடுதா?

இருவத்தேழு வருஷமா இந்த மீசையோடதான் அவகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். அப்ப அவ என்னத்தத்தான் பாத்திருப்பா?

இது என்ன ஊரு? பாவூர்சத்திரமா? கண்டக்டர் சார், எறக்கம் இருக்கு. தென்காசிக்குத்தான் டிக்கெட்டு, தெரியும், இருக்கட்டும், அடுத்த பஸ்ல வாரேன். அண்ணாச்சி, இந்தப் பொட்டிய ஒரு கை பிடிங்க. சார், கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க, இங்கன பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சலூன் எங்க இருக்கு?